உருளுற பொருளுக்கு ரொட்டேஷன் தானா வரணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரம், பந்து, டிரம், காயின் இதெல்லாம் சீன்ல உருளும்போது தரையில வழுக்காம சரியா சுத்தணும், ஆனா அதுக்கு கையால கீ (இந்த ஃப்ரேம்ல இந்த வேல்யூன்னு குறிக்கிறது) போட முடியாதுங்கிறவங்களுக்காக எழுதினது இது. பெரும்பாலும் பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல வச்சுத்தான் சொல்லிருக்கேன், மத்த சாஃப்ட்வேருக்கு என்ன மாறும்னு நடுவுல ஒரு இடத்துல இருக்கு. கணக்கு எல்லாத்துலயும் ஒண்ணுதான்.

நகர்றதுக்கு ரெண்டு கீ, சுத்துறதுக்கு ரெண்டு கீ போட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு ஆட்டோமேட் பண்ணணும்?

ஒரு ஷாட்டுக்கு, நேர் ரோட்டுல, ஒரே வேகத்துல போற வண்டின்னா தாராளமா அப்படியே போடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பிரச்சனை எப்ப வரும்னா டைரக்டர் "வண்டி இன்னும் 12 ஃப்ரேம் லேட்டா நிக்கட்டும்"னு சொல்லும்போது. லொகேஷன் கர்வ்வ (நேரம் போகப் போக வேல்யூ எப்படி மாறுதுன்னு காட்டுற கோடு) இழுத்துட்டு ரொட்டேஷன் கர்வ்வ மறந்துட்டீங்கன்னா வண்டி நின்ன பிறகும் சக்கரம் சுத்திட்டு இருக்கும், இல்ல சக்கரம் நின்ன பிறகும் வண்டி வழுக்கிட்டு போகும். ரெண்டு கர்வ்வோட ஈஸ் (வேகம் கூடிக் குறையுற விதம்) ஒரு துளி மாறுனாலும் போதும், கிளம்புற இடத்துலயும் நிக்கிற இடத்துலயும் வழுக்கல் தெரிஞ்சிடும், பாக்குறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது ஆனா வண்டிக்கு வெயிட்டே இல்லாத மாதிரி இருக்கும். சக்கரத்தோட ரொட்டேஷன் தனி அனிமேஷனே கிடையாது, அது போன தூரத்தோட இன்னொரு ரூபம், அதனால அதை தூரத்துல இருந்து எடுத்துக்கிறதுதான் நியாயம்.

சரி, ஃபார்முலா என்ன?

கோணம் = தூரம் ÷ ரேடியஸ். அவ்வளவுதான். ஆனா இதுல வர்ற கோணம் ரேடியன்ல இருக்கும், டிகிரி வேணும்னா 57.2958 ஆல பெருக்கிக்கங்க. சுற்றளவு வச்சு யோசிக்கிறது ஈஸின்னா தூரத்தை சுற்றளவால வகுத்து 360 ஆல பெருக்குங்க, ரெண்டும் ஒண்ணுதான். ரேடியஸ் 0.31 மீட்டர் இருக்கிற கார் சக்கரத்தோட சுற்றளவு ஏறக்குறைய 1.948 மீட்டர், அப்போ 10 மீட்டர் போனா 5.13 சுத்து, டிகிரில 1848.

வழுக்காம உருளுதுங்கிற வரைக்கும்தான் இது செல்லும். பிரேக் அடிச்சு சறுக்கினா, காத்துல பறந்தா, இந்த கணக்கு கிடையாது, அதுக்கு கீழ தனியா பதில் இருக்கு.

பிளெண்டர்ல இதை எங்க போய் எழுதுறது?

மொதல்ல ஒரு எம்ப்டி (ரெண்டர்ல தெரியாத வெறும் ஆப்ஜெக்ட்) வைங்க, அதுதான் நகரும், அதுக்குத்தான் கீ போடுவீங்க. சக்கரத்தை அதுக்கு சைல்டா மாட்டுங்க. அப்புறம் சக்கரத்தோட ரொட்டேஷன் ஃபீல்டு மேல மவுஸை வச்சு கண்ட்ரோல் டி அடிச்சா டிரைவர் (ஒரு வேல்யூவை இன்னொண்ணுல இருந்து தானா கணக்கு பண்ற வசதி) வந்துரும், அதுல வேரியபிள் டைப்ப டிரான்ஸ்ஃபார்ம் சேனல்னு வச்சு எம்ப்டியோட எக்ஸ் லொகேஷனை காட்டுங்க, எக்ஸ்பிரஷன்ல அந்த வேரியபிளை 0.31 ஆல வகுக்கச் சொல்லுங்க. 57.2958 எல்லாம் இங்க தேவையே இல்ல, ஏன்னா பிளெண்டர் ஸ்கிரீன்ல டிகிரி காட்டினாலும் உள்ளுக்குள்ள ரேடியன்லதான் வாங்கும். நிறைய பேரு இந்த இடத்துல டிகிரிக்கு மாத்தி எழுதிட்டு சக்கரம் ஃபேன் மாதிரி பறக்குதேன்னு வந்து நிப்பாங்க.

ரேடியஸை எக்ஸ்பிரஷனுக்குள்ள நம்பரா எழுதுறதுக்கு பதிலா எம்ப்டில ஒரு கஸ்டம் ப்ராப்பர்ட்டியா வச்சு, அதை ரெண்டாவது வேரியபிளா இழுத்துக்கங்க. நாலு சக்கரம் இருக்கிற ரிக்ல (அசைக்க வசதியா கோர்த்து வச்ச செட்டப்) நாலு இடத்துல போய் நம்பர் மாத்துற கொடுமை இருக்காது.

சக்கரம் எதிர்பக்கமா சுத்துது, மைனஸ் எங்க போடணும்?

பிளெண்டர்ல மேல் திசை இசட். எக்ஸ் திசைல போனா ஒய் ரொட்டேஷன், குறி அப்படியே பிளஸ். ஒய் திசைல போனா எக்ஸ் ரொட்டேஷன், குறி மைனஸ். மாயாங்கிற சாஃப்ட்வேர்ல மேல் திசை ஒய், அதனால எக்ஸ்ல போனா இசட் ரொட்டேஷன் மைனஸ், இசட்ல போனா எக்ஸ் ரொட்டேஷன் பிளஸ். மனப்பாடம் பண்ண வேணாம், மேல் திசையையும் போற திசையையும் கிராஸ் ப்ராடக்ட் (ரெண்டு திசைக்கும் செங்குத்தான திசையைத் தர்ற வெக்டர் பெருக்கல்) போட்டா சுத்துற அச்சு குறியோட வந்துரும், பந்துக்கும் இதே விஷயம் வரப்போகுது.

சரியா போட்டும் தப்பா சுத்துச்சுன்னா மாடல்ல சக்கரம் மிரர் பண்ணப்பட்டிருக்கும், ஸ்கேல் மைனஸ் 1 இருக்கான்னு பாருங்க. இடது பக்க சக்கரம் சரி, வலது பக்கம் தப்புன்னு வர்ற கேஸ் பெரும்பாலும் இதுதான்.

மாயா, மேக்ஸ், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல என்ன வித்தியாசம்?

மாயா எக்ஸ்பிரஷன்ல ரொட்டேட் டிகிரில எதிர்பார்க்கும், அதனால 57.2958 வேணும். அங்க டீஃபால்ட் யூனிட் சென்டிமீட்டர், மீட்டர்ல யோசிச்சு 0.31னு போட்டுட்டு முழிக்காதீங்க, 31. த்ரீடிஎஸ் மேக்ஸ்ல வயர் பாராமீட்டர்ஸ் வச்சு மாட்டுனா ரேடியன்தான், பிளெண்டர் மாதிரியே வகுத்தா போதும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல டிகிரி. அங்க ஒரு வசதி, வலது பக்கம் போனா எக்ஸ் கூடும், பிளஸ் ரொட்டேஷன் கடிகாரச் சுத்து, ரெண்டும் ஒத்துப்போறதால மைனஸ் தொல்லை இல்ல. ரேடியஸ் பிக்சல்ல குடுக்கணும், லேயரை 50 சதவீதம் ஸ்கேல் பண்ணிருந்தா ரேடியஸும் பாதி, இதை மறந்துட்டா வட்டம் பாதி சுத்துதான் சுத்தும். இன்னொரு பெரிய வசதி, அங்க எக்ஸ்பிரஷன்லயே வேற டைம்ல பொசிஷன் என்னன்னு கேட்க முடியும், அதனால ஃப்ரேம் 0ல இருந்து இப்ப வரைக்கும் ஒவ்வொரு ஃப்ரேமா எவ்வளவு நகர்ந்துச்சுன்னு லூப் போட்டு கூட்டலாம், வளைஞ்சு போற பாதைக்கும் வேலை செய்யும். என்ன, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆரம்பத்துல இருந்து கூட்டிட்டு வரும், அதனால நீளமான காம்பொசிஷன்னா ப்ரிவ்யூ தள்ளாடும், வேலை முடிஞ்சதும் கீஃப்ரேமா மாத்திடுங்க.

ரேடியஸ் எவ்வளவுன்னு எப்படி தெரியும்?

மாடலை அளங்க. நிஜ வண்டியைப் பாத்து மாடல் பண்றீங்கன்னா டயர் ஓரத்துலயே எழுதிருக்கும். 185/65 ஆர்15 அப்படின்னா அகலம் 185 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதுல 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. சொச்சம், உள்ள இருக்கிற ரிம் 15 இன்ச், 381 மி.மீ. மேலயும் கீழயும் ரெண்டு பக்கவாட்டு உயரத்தை கூட்டுனா விட்டம் 621.5 மி.மீ., பாதி போட்டா ரேடியஸ் 0.31 மீட்டர். மேல நான் எடுத்துக்கிட்ட நம்பர் இதுதான்.

டயர் தரையில அமுங்கி லேசா சப்பையா இருக்கிற மாதிரி மாடல் பண்ணிருந்தா அந்த அமுங்குன உயரத்தை ரேடியஸா எடுக்காதீங்க. டயர்ல இருக்கிற பெல்ட் நீளம் அமுங்குறதால பெருசா குறையாது, அதனால உருளுற ரேடியஸ் அமுங்குன உயரத்தை விட அதிகமாத்தான் இருக்கும். ரிக்கை மொத்தமா ஸ்கேல் பண்ற பழக்கம் இருந்தா ஸ்கேல் வேல்யூவையும் ரேடியஸோட பெருக்கிக்கங்க, பொம்மை கார் சைஸுக்கு சின்னதாக்குன உடனே சக்கரம் மெதுவா சுத்துறதுக்கு காரணம் இதுதான்.

டிபெண்டன்சி சைக்கிள்னு எரர் வருதே?

சக்கரத்தோட ரொட்டேஷன் அதே சக்கரத்தோட வேர்ல்டு பொசிஷனை படிக்குது, ஒண்ணு இன்னொண்ணை எதிர்பாத்து வட்டமடிக்குது, அதான். எம்ப்டிய படிக்கச் சொல்லுங்க, போயிடும்.

இன்னொருத்தர் சிஸ்டத்துல ஃபைல் திறந்தா சக்கரம் சுத்தவே மாட்டேங்குது.

வகுத்தல், பெருக்கல், சைன், ஃப்ளோர் மாதிரி சிம்பிள் எக்ஸ்பிரஷன்னா பிளெண்டர் 2.80ல இருந்து பைதான் இல்லாமலே ஓடும். நீங்க சொந்தமா எழுதுன ஃபங்ஷனை கூப்பிட்டிருந்தா அவங்க சிஸ்டத்துல ஆட்டோ ரன் பைதான் ஸ்கிரிப்ட்ஸ் ஆன் பண்ணிருக்கணும். ரெண்டர் ஃபார்முக்கு அனுப்புறதுன்னா ரிஸ்க் எடுக்காம பேக் பண்ணிட்டு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கீயா மாத்திட்டு) அனுப்புங்க.

ஸ்டீயரிங் சேர்த்த உடனே முன் சக்கரம் தள்ளாடுது.

ஒரே ஆப்ஜெக்ட்ல ஸ்டீயரிங்கும் சுத்தலும் ஆய்லர் கோணமா (எக்ஸ், ஒய், இசட்னு மூணு கோணத்தை வரிசையா திருப்புற முறை) போட்டிருக்கீங்க, ஆர்டர் இடிக்குது. பிரிச்சிடுங்க. வெளிய ஒரு எம்ப்டி, அது ஸ்டீயரிங்குக்கு மட்டும் திரும்பும், அதுக்குள்ள சக்கரம், அது சுத்த மட்டும் செய்யும். கேம்பர் (சக்கரத்தோட பக்கவாட்டுச் சாய்வு) வேணும்னா நடுவுல இன்னொண்ணு. ஒரு ஆப்ஜெக்டுக்கு ஒரு அச்சுன்னு வச்சுக்கிட்டா ஆய்லர் ஆர்டரைப் பத்தி யோசிக்கவே வேண்டியதில்ல.

ரோடு வளையுது, கர்வ் (பாதையா வரைஞ்ச வளைகோடு) மேல வண்டிய விட்டிருக்கேன், இப்ப எக்ஸ் பொசிஷனை வச்சு எப்படி?

முடியாது, இப்ப தேவை பாதையோட நீளம். ஃபாலோ பாத் கன்ஸ்ட்ரெயின்ட்ல ஃபிக்ஸ்டு பொசிஷன் டிக் பண்ணா 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு ஆஃப்செட் ஃபேக்டர் வரும், அதுக்குத்தான் கீ போடணும். அந்த வேல்யூவை கர்வ்வோட மொத்த நீளத்தால பெருக்குனா போன தூரம், அதை ரேடியஸால வகுத்தா கோணம். நீளத்தை ஜியாமெட்ரி நோட்ஸ்ல கர்வ் லெங்த் நோட் போட்டு பாத்துக்கலாம். கர்வ்வுக்கு ஸ்கேல் இருந்தா மொதல்ல அப்ளை பண்ணிடுங்க, கர்வ்வ திருத்துன பிறகு நீளத்தை மறுபடி பாத்து மாத்துங்க.

இந்த முறை எனக்கு ரொம்ப புடிக்கும், காரணம் ரிவர்ஸ் வந்தா ஃபேக்டர் குறையும், கோணமும் தானா குறையும், முன்னாடி போகுதா பின்னாடி போகுதான்னு தனியா கண்டுபிடிக்கிற வேலையே இல்ல. டைம்லைனை எங்க தாவுனாலும் சரியான கோணம்தான் வரும்.

நாலு சக்கரத்துக்கும் ஒரே டிரைவர் போதுமா?

நேர் ரோடுன்னா போதும். திருப்பத்துல வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் போகுது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 1.5 மீட்டர் இருக்கிற வண்டி 90 டிகிரி திரும்பினா வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட 2.36 மீட்டர் கூட ஓடணும், அதாவது ஒரு சுத்துக்கும் மேல. திருப்பம் பெருசா சின்னதாங்கிறது இதுல கணக்கே இல்ல, எவ்வளவு டிகிரி திரும்புதுங்கிறது மட்டும்தான். நிஜ வண்டில டிஃபரென்ஷியல் இருக்கிறதே இதுக்காகத்தான்.

அதனால டிரைவர்ல சேர்க்கிறதும் ஈஸி: நடுப்பாதை தூரத்தோட, வண்டி திரும்பின கோணத்தை 0.75 ஆல பெருக்கி ஒரு பக்கம் கூட்டுங்க, மறுபக்கம் கழிங்க. ஆனா வண்டி திரும்பின கோணம் கன்ஸ்ட்ரெயின்ட்ல இருந்து வரும்போது 180 தாண்டுனா மைனஸ் 180க்கு குதிக்கும், அந்த ஃப்ரேம்ல சக்கரமும் குதிக்கும், ரவுண்டானா சீன்னா இது கண்டிப்பா மாட்டும். முன் சக்கரத்துக்கு ஸ்டீயரிங் கோணமும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கக்கூடாது, உள்பக்கம் கொஞ்சம் அதிகமா திரும்பணும். இது கார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சது, மியூனிக்ல லான்கென்ஸ்பெர்கர்னு ஒரு வண்டி செய்றவர் 1817ல குதிரை வண்டிக்கு பண்ணாரு, இங்கிலாந்துல அவரு ஏஜென்ட் ஆக்கர்மன் 1818ல பேட்டன்ட் எடுத்தாரு, பேரும் ஏஜென்ட் பேராவே நின்னுடுச்சு.

தூரத்துல போற வண்டிக்கு இது எதுவும் வேணாம். கேமரா சக்கரத்துக்கு பக்கத்துல போனா மட்டும் பண்ணுங்க.

பந்துக்கு எக்ஸ்ல போனா ஒய் ரொட்டேஷன், ஒய்ல போனா எக்ஸ் ரொட்டேஷன்னு ரெண்டு டிரைவர் போட்டா போதாதா?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி, பதில் போதாது. நேரா போகும்போது சரியாத்தான் இருக்கும், அதனாலதான் நிறைய பேரு இதோட விட்டுடுவாங்க.

ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. பந்துக்கு கோடு போட்ட டெக்ஸ்ச்சர் குடுங்க, பிளெயின் கலர்ல ஒண்ணும் தெரியாது. கால் சுத்து வர்ற அளவுக்கு எக்ஸ்ல நகர்த்துங்க, ஒய் ரொட்டேஷன் 90 ஆகும், அருமை. அங்கிருந்து இப்ப ஒய் பக்கம் நகர்த்துங்க. பந்து உருளாது, தரையில நின்ன இடத்துல பம்பரம் சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே வழுக்கிட்டு போகும். ஏன்னா எக்ஸ்ஒய்இசட் ஆர்டர்ல எக்ஸ் ரொட்டேஷன் பந்தோட சொந்த எக்ஸ் அச்சுல நடக்குது, அந்த அச்சு ஏற்கனவே 90 டிகிரி திரும்பி தரையைப் பாத்து நிக்குது. ஆர்டரை மாத்துனா இந்த பாதை சரியாகும், முதல்ல ஒய் அப்புறம் எக்ஸ்னு போற பாதை கெட்டுப்போகும்.

இது பிளெண்டரோட குறை கிடையாது. பந்து இப்ப எந்த இடத்துல இருக்குங்கிறதை மட்டும் வச்சு அது எப்படி திரும்பியிருக்கும்னு சொல்லவே முடியாது, எந்த வழியா வந்துச்சுங்கிறதும் தெரியணும். கிளம்புன இடத்துக்கே சுத்தி திரும்பி வந்தாலும் மேல இருந்த புள்ளி மேல இருக்கணும்னு அவசியமில்ல. அதனால பொசிஷனை மட்டும் படிக்கிற எந்த டிரைவராலயும் இதை பண்ண முடியாது, எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஷன் எழுதுனாலும் சரி.

அப்போ பந்துக்கு என்னதான் வழி?

ஒவ்வொரு ஃப்ரேமா நடந்து போய் கூட்டணும். போன ஃப்ரேம்ல பந்து எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு, அந்த நகர்வை எடுங்க. மேல் திசை கிராஸ் நகர்வு, அதான் சுத்துற அச்சு. நகர்வோட நீளத்தை ரேடியஸால வகுத்தா இந்த ஒரு ஃப்ரேமுக்கான கோணம். அச்சையும் கோணத்தையும் ஒரு குவாட்டர்னியனா (திருப்பத்தைச் சொல்ற நாலு நம்பர்) மாத்தி, பந்தோட பழைய குவாட்டர்னியனுக்கு இடது பக்கம் வச்சு பெருக்குங்க, வர்றதை கீயா போட்டுட்டு அடுத்த ஃப்ரேமுக்கு போங்க. இடது பக்கம்ங்கிறது முக்கியம், வலது பக்கம் பெருக்குனா பந்தோட சொந்த அச்சுல சுத்தும், மேல சொன்ன பம்பரக் கதையேதான். பைதான்ல இதுக்கு பத்து பதினஞ்சு வரி போதும்.

ரெண்டு விஷயம் கவனிக்கணும். நகர்வு பூஜ்யமா இருந்தா அச்சு கிடைக்காது, அந்த ஃப்ரேமை அப்படியே தாண்டிடுங்க, இல்லன்னா எரர். அடுத்து, ஒரு குவாட்டர்னியனும் அதோட மைனஸும் ஒரே திருப்பத்தைத்தான் சொல்லும், ஆனா கீக்கு கீ குறி மாறுனா நடுவுல மோஷன் பிளர் (வேகத்தால வர்ற மங்கல்) கன்னாபின்னான்னு வரும். போன ஃப்ரேமோட டாட் ப்ராடக்ட் போட்டு மைனஸ் வந்தா நாலு நம்பரையும் திருப்பிடுங்க.

ஸ்கிரிப்ட் வேணாம்னா பிளெண்டர் 3.6ல வந்த சிமுலேஷன் ஸோன் இருக்கு, ஜியாமெட்ரி நோட்ஸ்லயே போன ஃப்ரேம் நிலைய நினைவுல வச்சுக்கும், அதே கணக்கை நோட்ல கட்டலாம். பாதைய மாத்துனா மறுபடி முதல் ஃப்ரேம்ல இருந்து ஓட விடணும், நடுவுல இருந்து ஸ்க்ரப் பண்ணா (டைம்லைனை இழுத்துப் பாத்தா) நம்பாதீங்க. ரிகாகார் மாதிரி கார் ஆட்-ஆன்லயும் பேக் வீல் ரொட்டேஷன்னு தனி பட்டன் இருக்கிறது இதே காரணத்துக்குத்தான், வண்டி இஷ்டத்துக்கு வளைஞ்சு போனா தூரத்தை கூட்டித்தான் ஆகணும்.

மேடு பள்ளத்துல உருளும்போது தரையோட நீளத்தை எடுக்கணுமா, பந்தோட நடுப்புள்ளி போன நீளத்தை எடுக்கணுமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்காம விட்டுடுற கேள்வி. ஒரே சைஸ் காயின் ரெண்டு எடுத்து ஒண்ணை மேசைல அழுத்தி புடிச்சுக்கிட்டு இன்னொண்ணை அதோட விளிம்புல ஒட்டி ஒரு ரவுண்டு உருட்டுங்க. ஒரு சுத்துதான் சுத்தும்னு தோணும், ரெண்டு சுத்தும். அமெரிக்காவுல 1982 எஸ்ஏடிங்கிற காலேஜ் அட்மிஷன் பரீட்சைல இதே மாதிரி, மூணுல ஒரு பங்கு ரேடியஸ் இருக்கிற வட்டம் பெரிய வட்டத்தை சுத்தி உருண்டா எத்தனை சுத்துன்னு கேட்டாங்க, சரியான விடை 4, குடுத்த அஞ்சு ஆப்ஷன்லயும் 4 கிடையாது.

காரணம், நடுப்புள்ளி போற வட்டம் பெருசு. அனிமேஷனுக்கு இதை இப்படி வச்சுக்கங்க. பந்தை ஃபாலோ கர்வ் (பாதை திரும்புற பக்கம் ஆப்ஜெக்டையும் திருப்புற டிக்) இல்லாம சும்மா பாதைல நகர்த்துறீங்கன்னா நடுப்புள்ளி போன நீளத்தை ரேடியஸால வகுங்க, அது மேடு, கிண்ணத்துக்குள்ள, எல்லாத்துக்கும் சரியா வரும். கார் மாதிரி ஃபாலோ கர்வ் டிக் பண்ணி பாடியே சரிவுக்கு ஏத்த மாதிரி சாய்ஞ்சு போகுதுன்னா பேரண்ட்டோட திருப்பம் ஏற்கனவே சக்கரத்துக்கு வந்துருச்சு, அதனால தரையைத் தொடுற நீளத்தை ரேடியஸால வகுக்கணும், கர்வ்வ ரோட்டு மேலயே வரைஞ்சு வண்டிய ஆஃப்செட் பண்ணி மேல தூக்கிட்டா வேலை சுலபம். சாதாரண மேடுக்கு ஏறி இறங்கி சமதளம் வந்த பிறகு மொத்தக் கணக்கு ஒண்ணாயிடும், லூப் அடிச்சா மட்டும் ஒரு முழு சுத்து வித்தியாசம் நிக்கும்.

பிரேக் அடிச்சு சறுக்குற ஷாட் வேணும், டிரைவரை எப்படி அணைக்கிறது?

0ல இருந்து 1 வரைக்கும் ஒரு ஸ்லைடர் வச்சு கோணத்தோட பெருக்கணும்னுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். பண்ணாதீங்க. 40 மீட்டர் போன பிறகு கோணம் 129 ரேடியன், இருபதரை சுத்து. 10 ஃப்ரேம்ல ஸ்லைடரை 1ல இருந்து 0க்கு கொண்டு வந்தீங்கன்னா பிரேக் புடிக்கிறதுக்கு பதிலா அந்த இருபதரை சுத்தும் பத்தே ஃப்ரேம்ல ரிவர்ஸ்ல அவிழும். ரேடியஸை நடுவுல அனிமேட் பண்ணாலும் இதே கூத்துதான்.

கூட்டல்ல போடுங்க. கோணம் பிளஸ் ஒரு கையால கீ போடுற ஆஃப்செட். சக்கரம் லாக் ஆகிற நேரத்துல தூரம் எவ்வளவு கூட்டுதோ அதை ஆஃப்செட் கழிக்கணும், கிராஃப் எடிட்டர்ல மொத்தக் கோணம் படுத்துக்கிற வரைக்கும் இழுத்தா போதும். கிளம்பும்போது சக்கரம் இருந்த இடத்துல சுத்தி புகை கிளப்புற ஷாட்டுக்கும் அதே ஆஃப்செட்தான், எதிர்ப்பக்கம்.

பந்து எகிறி எகிறி போகுது, காத்துல இருக்கும்போது?

காத்துல இருக்கும்போது சுத்துற வேகம் மாறாது, தரைய விட்டு கிளம்பும்போது என்ன வேகமோ அதே வேகம். அதனால டிரைவரை கிளம்புற ஃப்ரேம் வரைக்கும் பேக் பண்ணிட்டு, பறக்கிற நேரத்துக்கு நேர்கோடா கர்வ் போடுங்க. விழும்போது சுத்தும் வேகமும் போற வேகமும் ஒத்துப்போகாட்டி தரை உராய்வு சட்டுனு மாத்திடும், அந்த மாற்றம் ஒரே ஃப்ரேம்ல நடந்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

பவுலிங் பந்து இன்னும் சுவாரசியம். சுத்தாம வழுக்கி விட்ட கெட்டிப் பந்து கொஞ்ச தூரம் வழுக்கும், அந்த நேரத்துல வேகம் ஒரே சீரா குறையும், சுத்தல் பூஜ்யத்துல இருந்து ஒரே சீரா ஏறும், வேகம் ஆரம்ப வேகத்துல 5/7 ஆகும்போது ரெண்டும் சேர்ந்து உருள ஆரம்பிச்சிடும். உராய்வு எவ்வளவா இருந்தாலும் அந்த 5/7 மாறாது, எவ்வளவு தூரத்துல நடக்கும்ங்கிறதுதான் மாறும். அது வரைக்கும் கையால, அதுக்கப்புறம் ஃபார்முலா.

எல்லாம் சரியா போட்டும் ரெண்டர்ல சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுது.

கணக்கு சரியா இருக்கிறதாலதான் அப்படி தெரியுது. அஞ்சு ஸ்போக் அலாய் வீல், அதே 0.31 ரேடியஸ், செகண்டுக்கு 24 ஃப்ரேம், 60 கி.மீ. வேகம் எடுத்துக்கங்க. ஒரு ஃப்ரேமுக்கு 128.4 டிகிரி சுத்துது. அஞ்சு ஸ்போக்கும் ஒரே மாதிரி இருக்கிறதால 72 டிகிரிக்கு ஒரு தடவை படம் ஒண்ணாயிடும், 128.4க்கு கிட்ட இருக்கிறது 144, அதுக்கு 15.6 குறைவு, அதனால கண்ணு ஃப்ரேமுக்கு 15.6 டிகிரி பின்னாடி போகுதுன்னு எடுத்துக்கும். ஏறக்குறைய 34 கி.மீ.ல சக்கரம் சுத்தாம நின்ன மாதிரியே இருக்கும், 17 கி.மீ. பக்கத்துல முன்னாடியா பின்னாடியான்னே தெரியாம துடிக்கும்.

மோஷன் பிளர் ஆன் பண்ணுங்க, முக்கால்வாசி அடங்கிடும். ஷட்டர் 0.5ன்னா 128ல பாதி, 64 டிகிரி வளைஞ்ச கோடா பரவணும், சைக்கிள்ஸ்ங்கிற பிளெண்டர் ரெண்டரர்ல ஆப்ஜெக்டோட மோஷன் பிளர் ஸ்டெப்ஸை கூட்டுனா அந்த வளைவு ஒழுங்கா வரும். அதுக்கும் மேல உறுத்துச்சுன்னா ரேடியஸை கொஞ்சம் கூட்டி பொய் சொல்லுங்க, வேகமா போற சக்கரம் தரையில 10 சதவீதம் வழுக்குறதை எவனும் கண்டுபிடிக்க மாட்டான். மெதுவா போற ஷாட்ல மட்டும் இந்த வேலை வேணாம்.

சதுரப் பெட்டி புரண்டு புரண்டு போகணும், அதுக்கும் இப்படி பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா ரேடியஸ் கிடையாது, விளிம்பு மாறி மாறி பிவட் ஆகும். தூரத்தை பெட்டியோட பக்க அளவால வகுங்க. முழு எண் பகுதி எத்தனை தடவை புரண்டுச்சுன்னு சொல்லும், அது ஃப்ளோர். மீதி இப்ப புரள்றது எவ்வளவு ஆச்சுன்னு சொல்லும், அதை 90 ஆல பெருக்குனா கோணம். ஒரு எம்ப்டிய முன்பக்க கீழ் விளிம்புல வச்சு, அது ஒவ்வொரு புரளலுக்கும் ஒரு பக்க அளவு முன்னாடி தாவணும், மீதிக்கு ஏத்த மாதிரி சுத்தணும், பெட்டி அதுக்கு சைல்டு. தாவும்போது கோணம் 0க்கு வந்துடுறதால பெட்டி மேல லேபிள் ஒட்டிருந்தா அதுவும் பழைய இடத்துக்கு குதிக்கும், அதனால உள்ள இருக்கிற பெட்டிக்கு முழு எண் பெருக்கல் 90ன்னு இன்னொரு டிரைவர் வேணும்.

1 மீட்டர் பெட்டின்னா நடுப்புள்ளி 0.5ல இருந்து 0.707 வரைக்கும் ஏறி இறங்கும். ஏறும்போது மெதுவா, உச்சி தாண்டுனதும் வேகமா விழணும், மீதிய அப்படியே போட்டா மெஷின் மாதிரி இருக்கும், ஒரு பவர் (அடுக்கு) போட்டு வளைச்சு விடுங்க.

இவ்வளவு எதுக்கு, ரிஜிட் பாடி சிமுலேஷன் போட்டா எல்லாம் தானா வராதா?

வரும். பத்து பீப்பாய் மலையில இருந்து உருண்டு வரணும்னா அதைத்தான் பண்ணணும், முட்டை வடிவத்துல இருக்கிற எதுக்கும் அதுதான். பந்துன்னா கொலிஷன் ஷேப் ஸ்பியர்னு வைக்க மறக்காதீங்க, கான்வெக்ஸ் ஹல்னு விட்டா மெஷ்ஷோட பட்டை பட்டையான முகத்துல பந்து கடகடன்னு ஆடிக்கிட்டு வரும். ஆனா ஹீரோ கால்ல வந்து பந்து நிக்கணும், சரியா 86வது ஃப்ரேம்ல நிக்கணும்னு கேட்டா சிமுலேஷனை கெஞ்சிக்கிட்டு இருக்கிறதை விட பாதைய கையால போட்டு ரொட்டேஷனை பேக் பண்றது எவ்வளவோ மேல்.

செயின், பெல்ட், உருளை மேல தள்ற பலகை இதெல்லாம்?

செயின்னா பல் எண்ணிக்கை விகிதம், முன்னாடி 44 பின்னாடி 18ன்னா பெடல் ஒரு சுத்துக்கு பின் சக்கரம் 2.44 சுத்து. சைக்கிள்ல தூரத்துல இருந்து சக்கரம், சக்கரத்துல இருந்து பெடல்னு மாட்டிட்டீங்கன்னா மிதிக்காம இறக்கத்துல போற சீன்ல பெடலும் சுத்தும், அதுக்கும் மேல சொன்ன ஆஃப்செட்தான். மரக்கட்டை உருளை மேல வச்சு கல்லு தள்ற சீன்னா, கல்லு உருளையை விட ரெண்டு மடங்கு தூரம் போகணும், உருளையோட கல்லையும் ஒரே வேகத்துல நகர்த்துனா வழுக்கும்.

கேம் என்ஜினுக்கு எக்ஸ்போர்ட் பண்ணா சுத்தல் காணோம், இல்லன்னா தப்பா வருது.

டிரைவர் எக்ஸ்போர்ட் ஆகாது. பேக் ஆக்ஷன்ல விஷுவல் கீயிங் டிக் பண்ணி ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கீ போட்டுட்டு அனுப்புங்க. ஃபைல் சைஸ் குறைக்கிறேன்னு அஞ்சு ஃப்ரேமுக்கு ஒரு கீ விட்டீங்கன்னா என்ஜின் ரெண்டு கீக்கு நடுவுல குட்டையான வழியத்தான் எடுக்கும், 180 டிகிரி தாண்டுன உடனே சக்கரம் ரிவர்ஸ். 24 ஃப்ரேம்ல ஃப்ரேமுக்கு ஒரு கீ போட்டாக்கூட நம்ம 0.31 சக்கரம் 84 கி.மீ. தாண்டுனா அந்த எல்லைக்கு வந்துடும். கோணத்தை 360க்குள்ள மடக்கி வைக்கிற பழக்கமும் இங்க கடிக்கும், 358ல இருந்து 2க்கு போற இடத்துல ஆய்லர் கீ மொத்தமா பின்னாடி சுத்தி வரும், அதனால 1848ன்னா 1848ன்னே விட்டுடுங்க. ப்ளேயர் ஓட்டுற வண்டின்னா பேக்கே வேணாம், என்ஜின்லயே ஒவ்வொரு ஃப்ரேமும் வேகத்தை ரேடியஸால வகுத்து டெல்டா டைமால (போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் நடுவுல ஆன நேரம்) பெருக்கி கூட்டச் சொல்லுங்க, ரெண்டே வரி.